நினைத்தவன் செய்வான் என்ற நியாயம்

சென்ற மாதம் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்த அறையில், கவிதையில் தொடங்கிய பேச்சு எப்படியோ அமெரிக்கத் துப்பாக்கிகளுக்கு வந்து சேர்ந்தது. ஒருவர் அதை ஒரு தேசத்தின் வியாதி என்றார். இன்னொருவர், ஆயுதத்தை அரசு மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று சொல்பவன் அரசின் கையாள் என்றார். மூன்றாமவர் புள்ளிவிவரங்களைக் கொண்டு எதையும் நிரூபிக்கலாம் என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். நான் ஒன்றும் பேசவில்லை. சொல்ல ஏதுமில்லாததால் அல்ல. சொல்ல வேண்டியது அந்த மூன்று வாக்கியங்களுக்கும் வெளியே இருந்தது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

துப்பாக்கி பெருகினால் குற்றம் கூடுமா, குறையுமா? கேள்வி எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் துப்பாக்கி அதிகமுள்ள ஊரில் குற்றமும் அதிகம் என்று ஒருவர் காட்டினால், குற்றம் அதிகமாக இருப்பதால்தான் ஜனங்கள் துப்பாக்கி வாங்குகிறார்கள் என்று மற்றவர் பதில் சொல்லிவிட முடியும். எது காரணம், எது விளைவு என்பதைப் பிரித்தெடுப்பது சுலபமில்லை. 1998-இல் ஜான் லாட் என்ற பொருளியலாளர், ஆயுதம் ஏந்தி நடமாட அனுமதிக்கும் சட்டங்கள் குற்றத்தைக் குறைக்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு 2004-இல் அந்தக் கணக்குகளைப் பரிசீலித்து, அச்சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ சொல்வதற்கு ஆதாரம் போதாது என்றது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில, கூட்டுகின்றன என்ற பக்கம் சாய்ந்தன. விவாதம் ஓயவில்லை.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்வோம். 1996 ஏப்ரல் 28 அன்று, டாஸ்மேனியாவில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில், ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். 12 நாட்களில், மே 10 அன்று, எல்லா மாநிலங்களும் ஒரு துப்பாக்கி ஒப்பந்தத்துக்கு வந்தன. ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 13 நடந்திருந்தன. அடுத்த 20 ஆண்டுகளில் அப்படி ஒன்றுகூட நடக்கவில்லை. 2018-இல் மறுபடியும் நடந்தது. துப்பாக்கி மரணங்கள் 1996-க்கு முன்பே குறைந்துகொண்டிருந்தன என்பதும், அதன் பிறகு வேகமாகக் குறைந்தன என்பதும் இரண்டுமே உண்மை. இவற்றில் எதை அழுத்திச் சொல்கிறோம் என்பதில் நம் சார்பு வெளிப்பட்டுவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லோரும் பேசுவது. நான் பேச விரும்புவது கேள்வியில் இருக்கும் ஒரு சொல்லைப் பற்றி. 'குற்றம்' என்ற சொல். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் கொலையுண்டவர்கள் 20,958. தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328. அதாவது பாதிக்கு மேற்பட்டவர்கள் எந்தக் குற்றவாளியாலும் சாகவில்லை. துப்பாக்கியும் குற்றமும் என்று தலைப்பு இட்ட அந்தக் கணமே இந்த 26,328 பேரையும் அறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். பிறகு உள்ளே உட்கார்ந்துகொண்டு திருடனைப் பற்றியும் வீட்டுக்காரனைப் பற்றியும் வாதாடுகிறோம். திருடன் வெளியிலிருந்து வருகிறவன், வீட்டுக்காரன் உள்ளே இருக்கிறவன், துப்பாக்கி இருவருக்கும் நடுவில் என்பதுதான் நம் மனதில் உள்ள சித்திரம். துப்பாக்கியும் வீட்டுக்காரனும் மட்டும் தனியாக இருக்கும் சித்திரம் யாருக்கும் தோன்றுவதில்லை.

எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் என் பெரியப்பா.

மேற்கு மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கிழங்கும் கடலையும் போடுவார். இரவில் காட்டுப்பன்றி இறங்கும். அவரிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதனால் அவர் ஒரு பன்றியையாவது கொன்றதாக எனக்கு ஞாபகமில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார், பன்றிகள் ஓடும், மறுநாள் இரவு திரும்பி வரும். லைசென்ஸைப் புதுப்பிக்கிற மனுவை எழுதுவது என் வேலை. குடும்பத்தில் நான்தான் எழுதுகிறவன். 'ஏல, நல்ல இங்கிலீசுல எழுதுல. இது இல்லாம ராத்திரி வயக்காட்டுக்குப் போவ முடியுமா?' என்பார். பயிர்ப் பாதுகாப்பு, தற்காப்பு என்று இரண்டு காரணங்களை அழகாக எழுதிக் கொடுப்பேன். நான் எழுதியவற்றில் அரசாங்கம் மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அந்த மனுக்களை மட்டும்தான்.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். 1996-இல் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் வந்தது. அவரோடு நானும் போனேன். ஸ்டேஷன் ரைட்டர் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து, ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார். முடிவுகள் வந்து சில வாரங்கள் கழித்து, ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கி வந்தோம். பேருந்தில் அதைக் கொண்டுவருவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பழைய வேட்டியில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அந்த வருஷம் அவருக்கு நல்ல வருஷமில்லை. கடன் இருந்தது. அதைவிடப் பெரிதாக, பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆடி மாதம் ஒரு விடியலில் அந்தத் துப்பாக்கியாலேயே இறந்துபோனார். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னோம். ஊரும் நம்பியதுபோல் இருந்துகொண்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு உறவினர் ஆறுதலாகச் சொன்னார்: 'நெனச்சவன் எப்படியும் செய்வான் தம்பி. அது இல்லேன்னா இன்னொண்ணு.' அன்று அது எனக்குத் தேவைப்பட்ட வாக்கியம். பல வருஷம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை பேசுகிறவர்களின் முதல் வாதமும் இதுவே என்று கண்டபோதுதான் அதைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். கொல்வது துப்பாக்கி அல்ல, மனிதன்தான் என்கிறார்கள் அவர்கள். இரண்டும் ஒரே தத்துவம். மனிதனின் சித்தம் ஒன்று. அது முழுமையானது, தொடர்ச்சியானது. கருவி வெறும் தற்செயல். இந்த வழியை அடைத்தால் தண்ணீரைப்போல் வேறு வழியில் போய்விடும்.

இந்தத் தத்துவத்தைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பிரிட்டனில் வீடுகளுக்கு வந்த சமையல் வாயு ஒரு காலத்தில் நச்சுத்தன்மை கொண்டதாக இருந்தது. 1960-களிலிருந்து அது படிப்படியாக மாற்றப்பட்டது. யாரும் தற்கொலையைத் தடுப்பதற்காக மாற்றவில்லை. செலவு குறைவு என்று மாற்றினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963-இல் 5,714 ஆக இருந்த தற்கொலைகள், 1975-இல் 3,693 ஆயின. தண்ணீர் வேறு வழியில் போகவில்லை. இலங்கையில் 1995-இலும் 1998-இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சில தடைசெய்யப்பட்டன. 1995-க்கும் 2005-க்கும் இடையில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாயிற்று. போரும் வேலையின்மையும் அந்த மாற்றத்தை விளக்கவில்லை என்று ஆய்ந்தவர்கள் கண்டார்கள். இஸ்ரேல் ராணுவத்தில் 2006-இல், வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளைஞர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதி செய்தார்கள். அவர்களிடையே தற்கொலை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் அது கூடிவிடவில்லை.

இவற்றிலிருந்து நான் பெறுவது ஒரு கொள்கைத் திட்டத்தைவிட, மனிதனைப் பற்றிய ஒரு செய்தி. நினைப்பது என்பது நாம் கருதுவதுபோல் கெட்டியான பொருள் அல்ல. அது வருகிறது, உச்சத்தில் நிற்கிறது, போகிறது. தற்கொலை முயற்சியில் பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஒரு மணி நேரத்தைக் கடந்த மனிதன் தானாகவே வேறு மனிதனாகிவிடுகிறான். அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதே அவன் கடந்தானா இல்லையா என்பதைப் பல சமயம் தீர்மானிக்கிறது. தற்கொலைக்கு மட்டுமல்ல, கொலைகளில் பலவற்றுக்கும் இது பொருந்தும். வரப்புத் தகராறும் குடித்தபின் வரும் சண்டையும் திட்டமிட்ட சித்தத்தின் வேலைகள் அல்ல. அரிவாளோடு வந்தவனிடமிருந்து ஓடிப் பிழைத்தவர்கள் நம் ஊர்களில் நடமாடுகிறார்கள். துப்பாக்கியிடமிருந்து ஓட அதே அளவு அவகாசம் கிடைப்பதில்லை.

எனவே துப்பாக்கிச் சட்டத்தை நான் நல்லவன், கெட்டவன் என்று பிரிக்கும் சட்டமாகப் பார்க்கவில்லை. நல்லவனுக்குக் கொடு, கெட்டவனுக்குக் கொடுக்காதே என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் நியாயம். என் பெரியப்பா நல்லவர். லைசென்ஸ் விசாரணைக்கு வந்த காவலர் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனார், அது பொய்யுமல்ல. எந்த விசாரணையும் பார்க்க முடியாத ஒன்று உண்டு. இன்றைய நான் நாளை விடியலில் யாராக இருப்பேன் என்பது. எனக்கு எதிராக என்னைக் காப்பாற்ற அடுத்தவருக்கு உரிமை உண்டா என்று கேட்கிறவர்கள் உண்டு. நானே கேட்டிருக்கிறேன். இப்போது என் பதில் இது: தெளிந்த நேரத்தில் இருக்கும் நான், தெளியாத நேரத்தில் வரப்போகும் என்னோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே அந்தச் சட்டத்தைக் கருதலாம். சட்டம் என் கையெழுத்துக்குச் சாட்சி மட்டும்.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை சுமுகமாக முடிந்துவிடும். ஆனால் அரசின் கையாள் என்று அன்று சொன்ன நண்பரின் குரல் விடவில்லை. அவர் பக்கம் சரித்திரம் இருக்கிறது.

1801-இல் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, கும்பினி தெற்கே கோட்டைகளை இடித்தது. ஆயுதம் தரிப்பதைத் தடை செய்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. அதே ஆண்டு, அதே லிட்டன் காலத்தில், சுதேச மொழிப் பத்திரிகைகளை அடக்கும் சட்டமும் வந்தது. முதலாவதில் ஐரோப்பியருக்கு விலக்கு. இரண்டாவதில் ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு விலக்கு. துப்பாக்கியும் சுதேச மொழி எழுத்தும் ஒரே ஆண்டில் ஒரே மனத்தால் அபாயகரமானவையாகக் கருதப்பட்டன என்பதை, சிறு பத்திரிகையில் எழுதுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பத்திரிகைச் சட்டத்தைச் சில ஆண்டுகளில் ரிப்பன் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் 1959-இன் புதிய சட்டம் வரும்வரை நீடித்தது. அகிம்சையைப் போதித்த காந்தியே அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் கொடிய தீமைகளில் ஒன்றாக எழுதினார். 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அவனவன் சந்தைக்குப் போய் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்ற முறையில் அம்பேத்கர் பதில் சொன்னார். திருத்தம் தோற்றது.

அம்பேத்கர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதிலை அவர் சொல்ல நேர்ந்ததில் ஒரு துயரம் இருக்கிறது. ஆயுதமில்லாதவன் சட்டத்தை நம்பி இருக்க வேண்டும். சட்டம் வராத தெருக்கள் எவை என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்த அவையில் யார்? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் சேரிக்கு நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் தீயில் இறந்தார்கள். உயர்நீதிமன்றம் 1973-இல் நிலக்கிழார்களை விடுவித்தது. அந்தக் குடிசையின் முன் நின்றுகொண்டு, துப்பாக்கி பற்றிய என் ஒரு மணி நேரத் தத்துவத்தை என்னால் சொல்ல முடியுமா? வெளியே நின்றவர்கள் தெளியாத நேரத்தில் வந்தவர்கள் அல்ல. உள்ளே இருந்தவர்களிடம் அரசு தருவதாகச் சொன்ன பாதுகாப்பு என்ற ஒன்று அந்த இரவில் இருக்கவில்லை.

இந்தச் சங்கடத்தை நம் சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகள், கொடுமை நிகழக்கூடும் என்று கண்ட பகுதிகளில், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸுகளை ரத்து செய்து ஆயுதங்களை வாங்கி வைக்கச் சொல்கின்றன. அதே மூச்சில், தேவையானால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் லைசென்ஸ் கொடுக்கவும் சொல்கின்றன. இரண்டையும் ஒரே விதிக்குள் அடுத்தடுத்து எழுதியவர் யாரோ, அவர் பிரச்னையின் இரு முனைகளையும் தொட்டிருக்கிறார். என்னைக் கேட்டால் முதல் பாதியைத்தான் முழு மனதோடு ஆதரிப்பேன். ஆயுதம் பொதுவில் கிடைக்கும் இடத்தில் அது பணத்தையும் செல்வாக்கையும் பின்தொடர்ந்தே போகும். கூலிக்காரனுக்கு ஒன்று கிடைப்பதற்குள் மிராசுதாருக்குப் பத்து கிடைத்திருக்கும். ஆயுத உரிமையால் எளியவன் வலியவனுக்குச் சமமாகிவிடுவான் என்ற கனவு அமெரிக்காவில்கூடப் பலிக்கவில்லை. 2017-இல் அங்கே சாதாரண ஜனங்களிடம் இருந்த துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல் என்று ஒரு மதிப்பீடு, ஜனத்தொகையைவிட அதிகம். அங்கே துப்பாக்கியால் கொலையுண்டு சாகிறவர்களில் கறுப்பர்கள் தங்கள் ஜனத்தொகை விகிதத்தைவிடப் பல மடங்கு.

ஆனாலும் இரண்டாவது பாதியை அடித்துவிட எனக்குத் துணிவில்லை. காவல் நிலையத்துக்கு மூன்று மைல் தூரத்தில் இருந்துகொண்டு, கதவைத் தாழிட்டால் உடையும் என்று தெரிந்த ஒரு மனிதனிடம், உனக்கு எதிராக உன்னையே காப்பாற்றுகிறேன் என்று சொல்லும் தகுதி, அவனை அடுத்தவனிடமிருந்து காப்பாற்றாத அரசுக்கு எங்கிருந்து வரும்? துப்பாக்கியைக் கொடு என்று கேட்கிற அரசு ஒரு கடன் வாங்குகிறது. கதவு தட்டப்படும் இரவில் வந்து நிற்பேன் என்பது அதன் பத்திரம். கடனைத் திருப்பாத இடங்களில் ஆயுதச் சட்டம் மறுபடியும் 1878-ஆகிவிடுகிறது. சிலருக்கு விலக்கு, மற்றவர்கள் அபாயகரமானவர்கள். ஆகவே துப்பாக்கிச் சட்டம் வேண்டும் என்பவன் அத்தோடு வீட்டுக்குப் போய்விட முடியாது. அந்தக் கடனின் வசூலுக்காக அவன் ஆயுள் முழுக்க அலைய வேண்டியிருக்கிறது. இது தீர்வு இல்லை. ஒரு பக்கம் சேர்ந்த பிறகும் மறுபக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனாக இருப்பதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பாவின் துப்பாக்கியை மறுபடி ஒப்படைத்தபோது இரண்டாவது ரசீது எழுதிக் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். முதல் ரசீதில் வாங்கிய தேதி, திருப்பிக் கொடுத்த தேதி என்று இரண்டு தேதிகள் இருக்கின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட வாரங்களில் அவர் வயலுக்கு வெறுங்கையோடுதான் போனார். பன்றி வந்தபோது தகரத்தைத் தட்டினார். ஆஸ்திரேலியாவில் அந்த 35 பேர் செத்ததும், ஆயுதத்தைத் திரும்பக் கேட்பது என்று அந்நாடு முடிவு செய்ததும் ஏறக்குறைய அந்த வாரங்களில்தான் என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். அதில் அர்த்தம் தேட நான் முயலவில்லை.

நினைத்தவன் எப்படியும் செய்வான் என்று எனக்குச் சொன்ன உறவினர் இப்போது இல்லை. இருந்தால் அவரிடம் வாதாடியிருக்க மாட்டேன். என்மேல் உள்ள பிரியத்தில் சொன்னது அது. ஆனால் அவர் எனக்குத் தந்த விடுதலையைத் திருப்பித் தரவேண்டியிருக்கிறது. அந்த வாக்கியம் உண்மையானால் என் மடியில் இருந்தது வெறும் இரும்பு. பொய்யானால், இன்னும் சில வாரங்கள் அது ஸ்டேஷனிலேயே கிடந்திருக்கலாம். லைசென்ஸ் மனுவை நான் கொஞ்சம் மோசமான ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். பொய் என்றே நான் நம்புகிறேன். துப்பாக்கியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று நண்பர்கள் அடுத்த முறை கேட்டால், இதிலிருந்துதான் தொடங்குவேன்.